நின்ற இடத்தில் கொதிக்கும் டிராக்டர்
காற்று, தண்ணீர், மூடி: மூன்றையும் கவனித்தால் களத்து வேலை நிற்காது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பயிர் அறுவடைச் சோதனைக்காகப் போயிருந்தேன். களத்தில் குதிரைவாலிக் கதிர் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. வாடகைக்கு எடுத்த கதிரடிக்கும் இயந்திரத்தை டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வடகிழக்கே மேகம் திரண்டிருந்தது. தை மாதத்தில் ஒரு மழை பெய்தால் களத்தில் கிடக்கும் தானியம் என்ன ஆகும் என்பது நம் மாவட்டத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலை தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டிராக்டர் முகப்பிலிருந்து புசுபுசுவென்று ஆவி வந்தது. ஓட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, நேராக ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான்.

"தம்பி, கையை எடு!" என்று கத்திவிட்டேன். பையன் திகைத்து நின்றான். சட்டைக் கையை மடித்து என் வலது முன்கையைக் காட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே போல ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, இதே போல ஒரு மூடியை நானே திறந்ததால் வந்தது. வேளாண்மையில் பட்டம் வாங்கியிருந்தேன். ஆனால் கொதிக்கும் ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது என்பது அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் வேளாண் பொறியாளன் அல்ல. இயந்திரம் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் களத்திலும் பட்டறையிலும் நின்று கற்றுக்கொண்டவைதான். ஆனால், "சார், ஓடும்போது வண்டி நல்லா இருக்கு. நின்ன இடத்துல ஓட்டினா ஹீட்டாகுது, ஏன்?" என்ற கேள்வியை ஒவ்வோர் அறுவடைக்கும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். அதனால் இந்த இதழில் பயிரை விட்டுவிட்டு இன்ஜினைப் பற்றிப் பேசுவோம்.

நிற்கும்போது மட்டும் ஏன்?

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் வேலையாகப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் வழியே இறங்கும்போது, இடையில் உள்ள தகடுகள் வழியாகச் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஆறி மறுபடியும் இன்ஜினுக்குள் போகிறது.

ஆக, சூடு வெளியேற இரண்டு பாதைகள் திறந்திருக்க வேண்டும். ஒன்று தண்ணீர்ப் பாதை, மற்றொன்று காற்றுப் பாதை. சாலையில் ஓடும் காருக்கு எதிர்காற்று தானாகக் கிடைக்கிறது. நின்றுவிட்டால் அது இல்லை. ஃபேன் இழுக்கும் காற்றை மட்டுமே நம்ப வேண்டும். ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுபவை. இன்ஜின் வேகம் குறைந்தால் இரண்டுமே மெதுவாகிவிடும். பழைய கார்கள் நெரிசலில் நிற்கும்போது கொதிப்பதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1946 முதல் ஃபெர்குசன் டி.இ.20 என்ற சிறிய சாம்பல் நிற டிராக்டரைச் செய்துவந்தது. அதில் பொருத்திய இன்ஜினின் உடன்பிறப்பு ஒன்றைத்தான் 1953-இல் வந்த ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற பந்தயக் கார் வகை வண்டியிலும் வைத்தார்கள். அதன் கொள்ளளவு 1,991 சி.சி. அதே குடும்பத்து இன்ஜின்தான் சென்னையை அடுத்துப் பூட்டிய ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் கார்களிலும் இருந்தது. ஏர் உழுத இன்ஜினும் பறந்து போன இன்ஜினும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய டி.ஆர்.2 வைத்திருப்பவர்கள் சிக்னலில் நிற்கும்போது படும் பாடும், களத்தில் நின்று கதிரடிக்கும்போது நாம் படும் பாடும் ஒன்றுதான். மருந்தும் ஒன்றுதான்.

டிராக்டருக்கு இதில் ஒரு கூடுதல் சோதனை. உழும்போது அது மெதுவாகப் போவதால் எதிர்காற்று பெரிதாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் பெரிய ஃபேன் வைத்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் பி.டி.ஓ. வேலை செய்யும்போது அந்த ஃபேன் வெறும் காற்றை மட்டும் இழுப்பதில்லை. பதர், தும்பு, வைக்கோல் தூசி எல்லாவற்றையும் சேர்த்து இழுத்து ரேடியேட்டர் முகத்தில் ஒட்டவைக்கிறது.

எப்போது சூடாகிறது என்பதை முதலில் பாருங்கள்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் இதைக் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

1. பாரம் எதுவும் இல்லாமல் சும்மா நின்று ஓடும்போதே சூடாகிறதா? டீசல் இன்ஜின் பாரமின்றி ஓடும்போது மிகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்கும். அப்போதே சூடேறினால் பெரிய குறை இருக்கிறது என்று பொருள். தண்ணீர் குறைந்திருக்கலாம், பெல்ட் அறுந்தோ தளர்ந்தோ இருக்கலாம், வாட்டர் பம்ப் வேலை செய்யாமல் இருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

2. நின்றபடி பாரம் இழுக்கும்போது மட்டும் சூடாகிறதா? பெரும்பாலும் காற்றுப் பாதை அடைபட்டிருக்கும். ரேடியேட்டர் முகம், வலை, ஃபேன், ஃபேனைச் சுற்றிய கூண்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

3. சேற்றுழவு, ஆழ உழவு போன்ற கடும் பாரத்தில் எங்கே ஓடினாலும் சூடாகிறதா? தண்ணீர்ப் பாதையைச் சந்தேகப்படுங்கள். உள்ளே காரை படிந்து குழாய்கள் அடைத்திருக்கலாம். காற்று வடிகட்டி அடைப்பு, டீசல் பம்ப் டைமிங் பிசகு, சக்திக்கு மீறிய கருவி ஆகியவையும் காரணமாகலாம்.

அன்று அந்தக் களத்தில் நடந்தது இரண்டாவது வகை. இன்ஜின் ஆறிய பிறகு முன் வலையைக் கழற்றினோம். ரேடியேட்டர் முகம் முழுக்கக் கம்பளி போர்த்தியது போலத் தும்பு படிந்திருந்தது. ஒரு விரல் நுழையும் இடம்கூடத் திறந்திருக்கவில்லை.

காற்றுப் பாதை: வாடைக்கு முகம் கொடுங்கள்

சுத்தம் செய்வதற்கு முன்னால், டிராக்டரை எந்தத் திசையில் நிறுத்துகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று டிராக்டரைத் தென்மேற்குப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். தை, மாசியில் நம் பக்கம் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று. பின்னால் இருந்த கதிரடிக்கும் இயந்திரம் கக்கிய பதர் முழுவதையும் காற்று டிராக்டர் மேலேயே கொண்டுவந்து கொட்டியது. ஃபேன் அதை இழுத்துக்கொண்டது.

டிராக்டரின் முகம் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். கதிரடிக்கும் இயந்திரம் காற்றின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது இயற்கைக் காற்றும் ரேடியேட்டருக்குள் நுழைந்து ஃபேனுக்கு உதவும். பதரும் எதிர்ப்பக்கம் போகும். ஆடிப் பட்டத்தில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சுவர், வைக்கோல்போர், கருவேல மரத் தோப்பு ஆகியவற்றுக்கு மிக அருகில் முகப்பை வைத்து நிறுத்த வேண்டாம். வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே போகும்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும் முறை:

• இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

• முன் வலையைக் கழற்றித் தனியே தட்டிக் கழுவுங்கள்.

• ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து முகப்பை நோக்கிக் காற்றோ தண்ணீரோ அடியுங்கள். தூசி நுழைந்த வழியிலேயே அது வெளியே வர வேண்டும். முன்பக்கத்திலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் இறுகிவிடும்.

• சர்வீஸ் ஸ்டேஷன் வேகத்தில் மிக அருகிலிருந்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய தகடும் அடைப்புதான்.

• எண்ணெய்க் கசிவு இருந்தால் தூசி பிசினாக ஒட்டும். கசிவை அடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

கதிரடிக்கும் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி வலையைத் தட்டிவிடுவது நல்லது. ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்று தகடுகளை அரிக்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகவும், செம்பில் பச்சைக் களிம்பாகவும் அது தெரியும். அரித்த தகடு குழாயை விட்டுப் பிரிந்துவிட்டால் சூடு காற்றுக்குப் போகாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவிவிடுங்கள்.

ஃபேனைச் சுற்றி ஒரு தகரக் கூண்டோ பிளாஸ்டிக் கூண்டோ இருக்கும். பல பழைய வண்டிகளில் ஏதாவது ரிப்பேருக்குக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில் பக்கவாட்டிலிருந்து காற்றை இழுத்துச் சுழற்றும். பரணில் கிடந்தால் எடுத்து மாட்டுங்கள்.

பெல்ட்டை இரண்டு கப்பிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் வழுக்கும். பெல்ட்டின் உட்பக்கம் கண்ணாடி போல மினுங்கினாலும், வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

தண்ணீர்ப் பாதை: வயலுக்கு ஆகாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது

களத்து டிராக்டரைத் திருப்பி நிறுத்தி, தும்பை எடுத்த பிறகு அன்று இரவு வரை ஓடியது. மழைக்கு முன் தானியத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. கோடை மழைக்குப் பிறகு டிராக்டர் உரிமையாளரைப் பார்த்தேன். "சார், இப்போ உழும்போதும் ஹீட்டாகுது" என்றார். வீட்டுக்குப் போய், ஆறிய ரேடியேட்டரைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். துருவும் சுண்ணாம்பும் கலந்த காரை விரலில் ஒட்டியது.

"என்ன தண்ணிண்ணே ஊத்துறீங்க?"

"போர் தண்ணிதான். வேற தண்ணிக்கு எங்கே போறது?"

நம் மாவட்டத்தில் பெரும்பாலான இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டரில் 2 கிராம் உப்பு கரைந்திருக்கும் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் பிடிக்கும் ரேடியேட்டரில் முதல் நாளே 20 கிராம் உப்பு போய்விட்டது. கசிவாலும் ஆவியாலும் குறையும் தண்ணீரை ஈடுசெய்யத் தினமும் அரை லிட்டர் ஊற்றினால், 100 நாளில் 50 லிட்டர். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. அந்த வகையில் இன்னும் 100 கிராம் வரை உள்ளே சேரும்.

உவர் நீர் பாய்ச்சிய வயலில் தண்ணீர் ஆவியான பின் மண் மேல் வெள்ளை பூக்கிறதே, அதே வேலைதான் இன்ஜினுக்குள்ளும் நடக்கிறது. அந்தக் காரை இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்தும். தண்ணீர் நிறைய இருந்தாலும் இன்ஜின் சூடு தண்ணீருக்கு வந்து சேராது. கூடவே உப்பில் உள்ள குளோரைடு இரும்பையும் அலுமினியத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளைப் படலம் கனமாக நின்றால் அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றாதீர்கள்.

எந்தத் தண்ணீர் நல்லது? பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் மிகச் சிறந்தது. அடுத்து, மொட்டை மாடியில் பிடித்த மழைநீர். கடலோரத்தில் மாடியில் உப்பு படிந்திருக்கும். முதல் மழையை ஓடவிட்டு, அதன் பிறகு வருவதைப் பிடித்து வையுங்கள். ஊருணித் தண்ணீரை இந்தத் தட்டுச் சோதனையில் பார்த்து, நன்றாக இருந்தால் தெளியவைத்துத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். 20 லிட்டர் கேன் ஒன்றில் நிரப்பி 'ரேடியேட்டர்' என்று எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள்.

வெறும் தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துருப்பிடிக்கும். அதனால் கூலன்ட் சேர்க்க வேண்டும். இதில் உள்ள கிளைக்கால் கொதிநிலையை உயர்த்தும். உடன் சேர்த்திருக்கும் மருந்து துருவைத் தடுக்கும். தனிக் கூலன்ட் என்றால் டப்பாவிலும் டிராக்டர் கையேட்டிலும் உள்ள அளவில் நல்ல தண்ணீரோடு கலக்க வேண்டும். பெரும்பாலும் பாதிக்குப் பாதி. 'கலந்தது' என்று விற்பதை அப்படியே ஊற்ற வேண்டும்.

எச்சரிக்கை: கூலன்ட் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். வடித்த கூலன்டை ஆடு, மாடு, நாய், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வாய்க்காலிலோ ஊருணிக் கரையிலோ கொட்டாதீர்கள்.

ஏற்கெனவே காரை படிந்திருந்தால் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் கழுவும் மருந்தை அதில் சொல்லியபடி பயன்படுத்துங்கள். சிலர் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். அது காரையோடு உலோகத்தையும் தின்றுவிடும். சலவைச் சோடாவும் அலுமினிய ரேடியேட்டருக்கு ஆகாது. வடிக்கும்போது ரேடியேட்டர் அடித் திருகை மட்டும் திறந்தால் போதாது; இன்ஜின் பக்கவாட்டில் உள்ள வடிகால் திருகையும் திறக்க வேண்டும். மண்டி அதிகம் தங்குவது அங்கேதான். மிக மோசமாக அடைத்திருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் கழற்றிக் குழாய்களைக் குத்தி எடுக்க வேண்டும். அந்த அண்ணனுக்கு அதுதான் நடந்தது.

மூடி: சிறிய பொருள், பெரிய வேலை

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. அது ஓர் அழுத்த வால்வு. வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் 111 டிகிரியிலும், 13 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் சுமார் 119 டிகிரியிலும்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கிழிந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ இந்த அழுத்தம் நிற்காது. இன்ஜின் சரியாக இருந்தும் தண்ணீர் கொதித்து வெளியேறும்.

மூடி தொலைந்தால் பாலித்தீன் பையைக் கட்டி ஓட்டுவதும், வேறு வண்டி மூடியை மாட்டுவதும் நாம் அடிக்கடி பார்ப்பவை. மூடியில் அச்சிட்டிருக்கும் எண் உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். அதிக அழுத்தம் தாங்கும் மூடி நல்லது என்று மாற்றினால் ஹோஸோ ரேடியேட்டரோ வெடிக்கும்.

இந்த அழுத்தம்தான் மூடியைத் திறக்கும்போது ஆபத்தாகிறது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், அழுத்தம் நீங்கிய அந்த நொடியே ஆவியாகச் சீறும். கையில் சுற்றிய துண்டு அதைத் தடுக்காது. நனைந்த துண்டு சூட்டைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். எனக்கு அதுதான் நடந்தது.

கொதித்துவிட்டால் என்ன செய்வது?

• முள் சிவப்பை நெருங்கும்போதே பி.டி.ஓ.வை விடுவித்துப் பாரத்தைக் குறையுங்கள். ஆவியோ கசிவோ இல்லை, பெல்ட்டும் ஓடுகிறது என்றால் உடனே நிறுத்தாமல், பாரமின்றிச் சற்றே கூடுதல் வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஃபேனும் பம்பும் சூட்டை வெளியேற்றும்.

• முள் இறங்காவிட்டாலோ, தண்ணீர் வெளியேறிவிட்டாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

• தண்ணீர் முழுதும் போய்விட்டால் முள் சில நேரம் கீழே இறங்கிக் காட்டும். உணர்கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அளவு சரியாக வரும். அதை நம்பி ஓட்டாதீர்கள்.

• குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸைத் துணி வைத்து அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று ஆன பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை முதல் பள்ளம் வரை மட்டும் திருகி, சீறல் நின்ற பின் முழுதும் திறக்கவும்.

• சூடான இன்ஜின் மேலோ உள்ளேயோ பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஹெட் வெடிக்கும். ஆறிய பின் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

• யாருக்காவது சுட்டுவிட்டால், சுட்ட இடத்தின் மேல் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட், மை, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். முகம், கண், பெரிய அளவுக் காயம் என்றால் 108-க்கு அழையுங்கள்.

கொதித்த வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் முதலில் ஹெட் கேஸ்கட் போகும். பிறகு ஹெட் வளையும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆயில் அளவுக்கோலை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆறிய இன்ஜினை மூடி இல்லாமல் ஓட்டும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலும் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

வாசகர் கேள்விகள்

மண்டபம் பகுதி வாசகி: எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. சாலையில் ஓடும்போது பிரச்சினை இல்லை. ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்துக்கு முன் வரிசையில் நின்றால் கொதிக்கிறது. என்ன செய்யலாம்?

ஓடும்போது நன்றாக இருப்பதால் தண்ணீர்ப் பாதை பெரும்பாலும் சரியாக இருக்கும். காற்றுப் பாதையைப் பாருங்கள். ஃபேன் கூண்டு இருக்கிறதா, இறக்கை உடைந்திருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். யாராவது ஃபேனைக் கழற்றித் தலைகீழாக மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும். நிற்கும்போது கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜின் வேகத்தைச் சற்று உயர்த்தினால் ஃபேனும் பம்பும் வேகம் பிடிக்கும். எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால், சூட்டுக்கு ஏற்பத் தானாக ஓடும் மின்விசிறி ஒன்றை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ரிலேயோடு பொருத்திக்கொள்ளலாம். சூடேறிய வண்டியோடு பாலத்தில் ஏறாதீர்கள். ஏறும் முன்பே ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

உச்சிப்புளி வாசகர்: கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்துத் தென்னைக்குப் பாய்ச்சுகிறேன். தண்ணீர் உவர்ப்பு. இன்ஜின் அடிக்கடி சூடாகிறது.

இந்த வகை இன்ஜினில் பம்ப் இறைக்கும் தண்ணீரின் ஒரு பகுதியே இன்ஜினைச் சுற்றி ஓடி வெளியே விழுகிறது. அதனால் கிணற்று உப்பு நேராக இன்ஜினுக்குள் போகிறது. வெளியே விழும் தண்ணீர் ஒழுகல் மெலிந்திருந்தால் உள்ளே காரை அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை அந்தக் குழாய் வழியே ஓடவிட்டு நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஓட்டாமல் வைக்கும்போது உள்ளே இருப்பதை முழுதும் வடித்துவிடுங்கள். இடமிருந்தால், 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, இன்ஜினைவிட உயரத்தில் வைத்து, அந்தத் தண்ணீரே சுற்றிவரும்படி அமைக்கலாம். சூடான தண்ணீர் மேலேறி டிரம்முக்குப் போகும். ஆறியது கீழிறங்கி வரும். உங்கள் இன்ஜினுக்கு இது பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யுங்கள்.

திருவாடானை வாசகர்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடாகாது என்கிறார் மெக்கானிக். உண்மையா?

வேண்டாம். தெர்மோஸ்டாட் சுமார் 80 டிகிரிக்கு மேல்தான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அதைக் கழற்றினால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும். டீசல் கூடுதலாகச் செலவாகும். லைனர் விரைவில் தேயும். சில இன்ஜின்களில் தண்ணீர் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் அதிகமாகும். பழையது வேலை செய்கிறதா என்று பார்க்க, அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிக்கும் முன் அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது மாற்றுங்கள்.

கடலாடி வாசகர்: பச்சைக் கூலன்ட் இருந்த ரேடியேட்டரில் சிவப்புக் கூலன்ட் ஊற்றலாமா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே சேர்த்திருக்கும் மருந்து வேறு வேறாக இருந்தால் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கலாம். முழுதும் வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரே வகையை ஊற்றுங்கள்.

முடிவாக, அடுத்த அறுவடைக்குப் பதினைந்து நாட்களுக்கு முன் ஒரு காலைப் பொழுதை டிராக்டருக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் அளவு, மூடி ரப்பர், பெல்ட், ஹோஸ், ஃபேன் கூண்டு, ரேடியேட்டர் முகம் ஆகிய ஆறையும் பாருங்கள். கதிர் களத்துக்கு வந்த பிறகு மெக்கானிக் கிடைப்பது கடினம். மேகம் நமக்காகக் காத்திருக்காது. உங்கள் உட்கோட்ட வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் இயந்திரப் பராமரிப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

போன தை மாதம் அதே ஊர்ப் பக்கம் போனேன். அந்தப் பையன் இப்போது சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்திருக்கிறான். களத்தில் வண்டி வடகிழக்குப் பார்த்து நின்றது. ஓரத்தில் 20 லிட்டர் கேன் ஒன்றில் மழைத்தண்ணீர். மூடிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தான்: "ஆறாமல் திறக்காதே."